பெயரில்லாத சாவும் பல் சொல்லும் சாட்சியும்: மனிதநேயத் தடயவியல் பற்றிய ஒரு பார்வை

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்பது குற்றத் தடயவியல். இறந்தவர் யார், எந்த ஊர், உடலை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்பது மனிதநேயத் தடயவியல். பிழைக்க வந்தவர்களின் உழைப்பில் ஓடும் வேலூர், ஆம்பூர்ப் பகுதிக்கு இந்த இரண்டாவது கேள்வி மிக நெருக்கமானது.

1984இல் அர்ஜென்டினாவுக்குப் போன அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ, ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் எலும்புகளைத் தோண்டி அடையாளம் காண மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இத்துறை அங்கே வேர்விட்டது. பின்னர் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் இதை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்தியாவில் இத்துறையின் முக்கியமான பணி, பஞ்சாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜே. எஸ். செஹ்ராவத்தின் அஜ்னாலா ஆய்வுகள். 1857இல் லாகூர் அருகே மியான் மீரில் கிளர்ந்தெழுந்த 26ஆம் வங்காளக் காலாட்படைச் சிப்பாய்கள் 282 பேரைக் கொன்று அஜ்னாலாவில் ஒரு கிணற்றில் தள்ளியதாக அமிர்தசரஸ் துணை ஆணையர் பிரடெரிக் கூப்பரே எழுதிவைத்திருக்கிறார். 2014இல் அந்தக் கிணற்றைத் தோண்டியபோது எலும்புகளோடு நாணயங்களும் பதக்கங்களும் கிடைத்தன. ஆனாலும் இவை 1947 பிரிவினைக் கலவரத்தில் இறந்தவர்களின் எலும்புகள் என்று வாதிட்டவர்களும் உண்டு.

இந்தச் சர்ச்சையைத் தீர்க்கப் பற்கள் உதவின. பல் எனாமல் சிறுவயதில் உருவாகிறது, பிறகு மாறுவதில்லை. அந்த வயதில் குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் அதில் அப்படியே தங்கிவிடும். செஹ்ராவத், ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 50 மாதிரிகளில் தாய்வழி மரபணுவையும் 85 மாதிரிகளில் ஐசோடோப்பையும் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்கள் பஞ்சாபிகள் அல்லர், கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதியினர். படைப்பிரிவின் ஆள்சேர்ப்போடு இது பொருந்திப்போனது.

ஆய்வின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. நிபுணர்கள் இல்லாமல் அவசரமாகத் தோண்டியதால் எலும்புகள் நொறுங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 157 ஆண்டு கழித்துத் தோண்டியதில் கிடைத்தது பிரதேசம் மட்டுமே, பெயர் இல்லை. தோண்டும் முறையில் நேர்ந்த பிழையை எந்தச் சோதனைக்கூடமும் சரிசெய்ய முடியாது என்பதே இந்த ஆய்வுகள் தரும் முதல் பாடம்.

தமிழர் நிலங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் நோய் பரவும் என்ற அச்சத்தில் உடல்களைக் கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள். ஆனால் பேரிடரில் அடிபட்டு இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோய் பரப்புவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. இலங்கையின் மன்னாரில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை பல நூற்றாண்டு பழையவை என்று கார்பன் காலக்கணிப்பு சொன்னதை, போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் ஏற்கவில்லை. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளோடு பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறாத ஆய்வு, எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், பாதி வேலைதான்.

தொடக்கத்திலேயே செய்யவேண்டியது எளிமையானது. சுனாமிக்குப் பின் 2006இல் வந்த செஞ்சிலுவை, உலக சுகாதார நிறுவனக் கையேடு அதைச் சொல்கிறது: ஒவ்வோர் உடலுக்கும் ஒரே ஒரு எண், அதே எண் உடலிலும் பையிலும் புகைப்படத்திலும் இருக்கவேண்டும். முகம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம், உடை, உடைமை எல்லாவற்றையும் குறித்துவைக்கவேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் இறந்தோரைக் கையாளும் வழிகாட்டுதலை வெளியிட்டது.

உடலில் குறித்ததை ஒப்பிட, உயிரோடு இருந்தபோதே எழுதிய பதிவும் வேண்டும். ஆனால் மேஸ்திரி கூட்டிவந்த தொழிலாளியின் பெயர் பல இடங்களில் மேஸ்திரியின் போனில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு தோல் கம்பெனியும் தொழிலாளியின் முழுப் பெயர், புகைப்படம், சொந்த ஊர், வீட்டார் தொலைபேசி எண் கொண்ட பதிவேடு வைக்கவேண்டும். உரிமை கோரப்படாத உடலை அடக்கம் செய்யுமுன் பல் படமும் மரபணு மாதிரியும் எடுத்துவைப்பதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கவேண்டும். அஜ்னாலாவில் 157 ஆண்டுக்குப் பின்னும் கிடைக்காத பெயரை, ராணிப்பேட்டையில் ஒரு பதிவேடு அன்றைக்கே தந்துவிடும்.