தீராத முரண்: டேவிட் லாக்கின் பறவை ஆய்வும் நம் அருளுரையும்

நம் அருளுரைகளில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. உழைப்புக்குத் தூக்கணாங்குருவி, ஒற்றுமைக்குக் காகம், கவலையின்மைக்கு ஆகாயத்துப் பறவை என ஒவ்வொன்றையும் ஒரு படிப்பினைக்குப் பொருத்தி வைத்திருக்கிறோம். ஆனால் அப்பறவைகள் உண்மையில் எதை உண்கின்றன, எத்தனை குஞ்சுகளை வளர்க்கின்றன, எத்தனை குஞ்சுகளைச் சாகக் கொடுக்கின்றன என்று கேட்டறிந்த பின்னர்ப் பிரசங்க பீடம் ஏறுவோர் நம்முள் மிகச் சிலரே. இக்குறையை நாம் உணரத் துணைசெய்யும் ஒருவருடைய நூல்களை இங்கு ஆராய விழைகிறோம். அவர் இங்கிலாந்து நாட்டுப் பறவையியலார் டேவிட் லாக் (1910–1973).

பரிணாமக் கொள்கையையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் பற்றி 1957இல் லாக் ஒரு நூல் வெளியிட்டார். அதன் துணைத்தலைப்பு ‘தீராத முரண்’ என்பதாகும். அறிவியலார் ஒருவர் விசுவாசியானால், இரண்டும் இணங்கிவிட்டன என்று மகிழ்ந்து அறிவிப்பது நம் வழக்கம். லாக் அவ்வாறு அறிவிக்கவில்லை. கடவுளைப் பற்றி ஐயவாதியாக இருந்த அவர் 1948இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் விசுவாசத்தை ஏற்றார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், முரண் இன்னும் தீரவில்லை என்றே எழுதினார். அம்முரண் யாது என்பதை அந்நூலை மட்டும் படித்து அறிதல் அரிது. அவருடைய பறவை நூல்களோடு சேர்த்துப் படிக்கும்போதே அது விளங்கும்.

அலகும் உணவும்

லாக் இளமையில் டெவன் மாவட்டத்து டார்ட்டிங்டன் ஹால் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அங்கு ராபின் பறவைகளின் கால்களில் வண்ண வளையங்களிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்கண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அதன் பயனாக 1943இல் ராபினின் வாழ்க்கையைப் பற்றிய நூல் வெளிவந்தது. மகிழ்ச்சிப் பாட்டு என்று மக்கள் கேட்டு இன்புற்ற ஒலி, பெரும்பாலும் ‘இது என் எல்லை’ என்னும் அறைகூவல் என அந்நூல் காட்டியது. சிவந்த மார்பும் எதிரியை மிரட்டும் கொடியேயாகும். பஞ்சடைத்த ராபினை வைத்தாலும், எல்லைக்கு உரிய பறவை அதன்மீது பாய்ந்து தாக்கியது. வளர்ந்த பறவைகளிலும் பாதிக்கு மேற்பட்டவை ஆண்டுதோறும் மடிந்தன.

1938–39இல் அவர் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகளுக்குச் சென்றார். ஒரே மூதாதையினின்று கிளைத்த குருவிகள் அங்கு வெவ்வேறு அலகுகளோடு வாழ்கின்றன. கனத்த அலகு கடின விதைகளை உடைக்கிறது. மெல்லிய அலகு பூச்சிகளைப் பற்றுகிறது. கள்ளி மலரையும் கனியையும் நாடும் அலகு நீண்டிருக்கிறது. கோகோஸ் தீவில் வாழும் ஒன்றையும் சேர்த்து லாக் அவற்றை 14 இனங்களாக வகுத்தார். அலகு வேறுபாடு தன் இனத்தை அறிந்து இணைசேர உதவும் அடையாளமே என்று அவர் முதலில் எண்ணினார். அவ்வாறே ஓர் ஆய்வுரையும் எழுதி முடித்தார். ஆனால் அளவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. இரண்டு இனங்கள் ஒரே தீவில் சேர்ந்து வாழுமிடத்து அவற்றின் அலகுகள் வெகுவாக வேறுபட்டன. ஓர் இனம் தனித்து வாழும் சிறு தீவிலோ அதன் அலகு இடைநிலை அளவினதாய் இருந்தது. எனவே உணவுக்கான போட்டியே இவ்வேறுபாட்டை வளர்த்தது என்று 1947இல் வெளியிட்ட ‘டார்வினின் குருவிகள்’ என்னும் நூலில் தம் முந்தைய கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். தாம் எழுதியதைச் சான்றின்முன் கைவிடும் இத்துணிவு இறையியலாருக்கும் வேண்டும்.

லாக் மறைந்த 1973ஆம் ஆண்டிலேயே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் அத்தீவுகளுள் ஒன்றாகிய டாப்னி மேஜரில் தம் நீண்ட ஆய்வைத் தொடங்கினர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் விரைவில் தீர்ந்துபோக, நெருஞ்சி இனத்துச் செடியொன்றின் முள் நிறைந்த கடின விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. தப்பியவற்றுள் கனத்த அலகுடையவையே மிகுதி. அவற்றின் குஞ்சுகளும் அவ்வாறே கனத்த அலகோடு வளர்ந்தன. 1982–83இன் பெருமழைக்குப்பின் சிறு விதைகள் பெருகவே, நிலை தலைகீழாயிற்று. பெரிய தரைக்குருவியினம் அத்தீவில் குடியேறிப் பெருகியிருந்த காலத்தில், 2004–05இல் மீண்டும் வறட்சி வந்தது. இம்முறை கடின விதைகளுக்குப் போட்டி மிகுந்திருந்தமையால், நடுத்தரக் குருவிகளுள் சிறிய அலகுடையவையே மிகுதியாகப் பிழைத்தன. லாக் அருங்காட்சியகத் தோல்களை அளந்து ஊகித்ததை அவர்கள் கண்ணெதிரே கண்டனர்.

நாம் வியந்து போற்றும் படைப்பின் பன்மை இவ்வாறு பசியினாலும் சாவினாலும் வடிக்கப்பட்டிருக்கிறது. இதுவே முரணின் வேர்.

கோபுரத்துக் குஞ்சுகள்

1945 முதல் லாக் ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்டு கிரே பறவையியல் நிலையத்தின் இயக்குநராக இருந்தார். அங்குப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கோபுரத்தில் கூடு கட்டிய உழவாரன் பறவைகளை அவரும் துணைவர்களும் ஆராய்ந்தனர். 1860இல் ஆயர் வில்பர்ஃபோர்ஸும் ஹக்ஸ்லியும் டார்வினின் கொள்கைபற்றி வாதிட்டது அதே கட்டடத்தில்தான். அன்று கீழே சொற்போர் நிகழ்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் மேலே அமைதியாகக் குஞ்சுகள் எண்ணப்பட்டன. திருச்சபைக்கு எது அதிகப் பயன் தந்தது என்று கேட்டால், குஞ்சுகளை எண்ணியதே என்போம்.

ஒரு பறவை ஏன் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் மட்டும் இடுகிறது? ஏன் ஐந்து இடுவதில்லை? இதுவே லாக்கின் வினா. உழவாரன் காற்றில் பறக்கும் பூச்சிகளையே உண்பது. குளிர்ந்த மழைக்கோடையில் பூச்சிகள் குறையும்போது மூன்று குஞ்சுகளுக்கும் இரை கிட்டுவதில்லை; நலிந்தது சாகிறது. லாக்கின் மாணவர் பெரின்ஸ், கூடுகளில் ஒரு குஞ்சைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார். நான்கு குஞ்சுகள் இருந்த கூடுகளில் பிழைத்தவை, மூன்று இருந்த கூடுகளில் பிழைத்தவற்றைவிடக் குறைவு என்று 1964இல் அறிவித்தார். எனவே முட்டைகளின் எண்ணிக்கை, பெற்றோர் ஊட்டி வளர்க்கக்கூடிய அளவை ஒட்டி இயற்கைத் தேர்வினால் அமைந்தது என்னும் லாக்கின் கருத்து வலுப்பெற்றது.

சமூக நடத்தைக்கும் இதே வழியில் விளக்கம் உண்டு. ஜான் குரூக் 1964இல் தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க, ஆசிய இனங்களை ஒப்பிட்டார். காட்டில் பூச்சி தின்னும் இனங்களுக்கு உணவு சிதறிக் கிடக்கிறது. குஞ்சு வளர்க்க இருவர் உழைப்பும் வேண்டும். ஆகவே அவை தனித்தனி இணைகளாக வாழ்கின்றன. புல்வெளியில் விதை தின்னும் இனங்களுக்கு உணவு ஓரிடத்தில் குவிந்து கிடைக்கிறது. பாதுகாப்பான மரங்களோ சில. ஆகவே அவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஓர் ஆண் பல பெண்களோடு சேர்கிறது. நம் பனையிலும் ஈச்சமரத்திலும் தொங்கும் கூடுகளின் சொந்தக்காரர் இவ்வகையினரே. ஆண் பாதிக் கூடு கட்டியதும் பெண் வந்து பார்த்து ஏற்கிறது. கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. அடைகாப்பது பெண் மட்டுமே. பம்பாய்க்கு அருகில் 1930இல் இதைக் கண்டறிந்து எழுதியவர் சாலிம் அலி. திருமண ஆராதனையில் இக்குருவியைக் குடும்ப உண்மைக்கு எடுத்துக்காட்டாக்கும் நாம் சற்று நாணவேண்டியவர்களே!

விலங்குகள் தம் கூட்டத்தின் பொதுநலனுக்காகத் தம் பெருக்கத்தைத் தாமே கட்டுப்படுத்துகின்றன என்று வின்-எட்வர்ட்ஸ் 1962இல் பெரிய நூலொன்று எழுதினார். அருளுரையாளர் விரும்பக்கூடிய கருத்து அது. லாக் 1966இல் அதனைச் சான்றுகளோடு மறுத்தார். பொதுநலனுக்காகக் குறைவாக ஈனும் பறவையின் வழித்தோன்றல்கள், மிகுதியாக வளர்க்கும் பறவையின் வழித்தோன்றல்களால் விரைவில் மிஞ்சப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆய்வாளருள் பெரும்பாலோர் பின்னர் அவர் பக்கமே நின்றனர். தம் விசுவாசத்துக்கு இனிமையாகத் தோன்றக்கூடிய கொள்கையை ஒரு விசுவாசி மறுத்தார் என்பது நாம் கருதத்தக்கது.

நூலின் வலிமையும் குறையும்

இனி 1957ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். அதன் முதல் வலிமை நேர்மை. இயற்கைத் தேர்வை லாக் தயங்காது ஏற்கிறார். கிறிஸ்துவையும் தயங்காது அறிக்கையிடுகிறார். இரண்டையும் பூசி மெழுகவில்லை. இரண்டாவது வலிமை, இயற்கையை நன்னெறிக்கு ஆதாரமாக்க மறுப்பது. வல்லவன் வாழ்வதே இயற்கை விதி, ஆகவே அதுவே நியாயம் என்று கூறுவோரையும், இயற்கை முழுவதும் அன்பே ஆள்கிறது என்று கூறுவோரையும் அவருடைய ஆய்வுகள் ஒருங்கே மறுக்கின்றன.

எனினும் குறைகள் இரண்டைச் சுட்டாதிருக்க இயலாது. நன்மை தீமை பற்றிய உணர்வு, உண்மை, அழகு, தன்னுணர்வு, பொறுப்பு ஆகியவற்றை இயற்கைத் தேர்வினால் விளக்க இயலாது என்பது லாக்கின் நிலைப்பாடு. இவ்வரண் உறுதியானதன்று. உறவினருக்காகத் தன்னை இழக்கும் நடத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படலாம் என்று ஹாமில்ட்டன் 1964இலேயே கணக்கிட்டுக் காட்டினார். மனச்சாட்சியின் தோற்றம்பற்றிய ஆய்வுகள் அதன்பின் தொடர்ந்து வருகின்றன. அறிவியலின் இடைவெளிகளில் கடவுளை வைத்தால், இடைவெளி சுருங்கச் சுருங்கக் கடவுளும் பின்வாங்க நேரிடும் என்று போன்ஹோஃபர் 1944இல் சிறையிலிருந்து எச்சரித்தார். லாக் அவ்வெச்சரிக்கைக்குப் போதிய செவி கொடுக்கவில்லை எனலாம். மனச்சாட்சி எவ்வழியே தோன்றியது என்பது வேறு. அது எதற்குக் கட்டுப்பட்டது என்பது வேறு. முன்னது முழுதும் விளக்கப்பட்டாலும் பின்னது ஒழிந்துவிடாது. இவ்வேறுபாட்டின்மேல் நின்றிருந்தால் அவர் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. மனிதனின் நன்னெறி விசுவாசத்துக்கு, பறவைகளின் உலகம் அறிவியலுக்கு என்று எல்லை வகுத்தால், கோபுரத்தில் மடிந்த குஞ்சு எவருடைய பொறுப்பு? அறிவியல் அதன் சாவை விளக்குகிறது. விளக்குவதே அதன் வேலை. இறையியல் அதைப்பற்றிப் பேசாதிருக்குமானால், படைப்பின் பெரும்பகுதி நற்செய்திக்கு வெளியே விடப்படும். மனிதனுக்கு முன்பே எண்ணற்ற உயிர்கள் பசித்து மடிந்தன என்பதற்குப் பாறைகள் சான்று. ஆகவே விலங்கின் சாவையெல்லாம் ஆதாமின்மேல் சுமத்தி நாம் தப்பவும் முடியாது.

நாம் பேசவேண்டுவது

திருமறை இவ்வெல்லையை வகுக்கவில்லை. 104ஆம் சங்கீதத்தில் இளஞ்சிங்கம் இரைக்காகக் கெர்ச்சிப்பதே கடவுளிடம் உணவு கேட்பதாகச் சொல்லப்படுகிறது. அவ்விரையும் ஓர் உயிர் என்பதைச் சங்கீதக்காரர் அறியாதவரல்லர். யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் உணவின்றிக் கதறும் காகக்குஞ்சுகளைக் கடவுளே குறிப்பிடுகிறார். அதனை அவர் தம் தோல்வியாகக் கூறவில்லை, எளிய விளக்கம் அளித்து முடிக்கவும் இல்லை. ரோமர் 8ஆம் அதிகாரம் படைப்பு முழுவதும் தவித்துப் பிரசவ வேதனைப்படுவதாகக் கூறுகிறது. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அடைக்கலான் குருவி விழாது என்று வாக்களிக்கவில்லை. அது தரையில் விழுகிறது. பிதாவை அன்றி விழுவதில்லை என்பதே அவர் சொன்னதன் பொருள்.

இவ்வேறுபாடு சிறிதன்று. குழந்தையை அடக்கம்பண்ணி நிற்கும் தாயின்முன் நாம் செய்யும் ஊழியம் இதைப் பொறுத்திருக்கிறது. கடவுள் பறவைகளையெல்லாம் காப்பதால் உன்னையும் காப்பார் என்று மட்டும் போதித்திருந்தால், அந்நாளில் அவளிடம் சொல்ல நமக்கு ஒன்றுமிராது. விழுகிற குருவியோடு கடவுள் இருக்கிறார் என்றும், அவருடைய குமாரனே விழுந்தவர் என்றும் போதித்திருந்தால், அவளருகே அமர நமக்கு இடமுண்டு. உழவாரன் குஞ்சு ஏன் செத்தது என்பதற்குச் சிலுவை விளக்கமாகாது. அந்தச் சாவிலும் கடவுள் அந்நியரல்லர் என்பதையே சிலுவை அறிவிக்கிறது.

ஆகவே இறையியல் மாணவர் லாக்கின் 1957ஆம் ஆண்டு நூலை மட்டுமன்றி அவருடைய பறவை நூல்களுள் ஒன்றையேனும் படித்தல் நன்று. வாய்ப்புள்ளோர் ஓர் இனப்பெருக்க காலம் முழுவதும் தம் வீட்டருகே ஒரு கூட்டைக் கவனித்து, முட்டை எத்தனை, பறந்து சென்ற குஞ்சு எத்தனை என்று குறித்துவைப்பார்களாக. அதன்பின் எழுதும் அருளுரையில் எடுத்துக்காட்டுகள் குறையலாம். ஆனால் சொன்னவை மெய்யாயிருக்கும். முரணைத் தீராதென்று ஒப்புக்கொண்டு, அதனோடே ஆராதனைக்குச் சென்றவர் லாக். அவர் நின்ற இடத்தில் நிற்க நமக்கும் துணிவு வேண்டும். அவர் பேசாது விட்ட இடத்தில் பேசும் கடமையும் நமக்கு உண்டு.