வடசென்னை ரோட்டுக்கு என்ன டயர்? கிளாசிக் 350-இல் போட்டுப் பார்த்தேன்

வண்ணாரப்பேட்டையில் ஓடும் பைக் டயர் முழுசாகத் தேய்ந்து கழற்றப்படுவது குறைவு. பட்டன் பாதி இருக்கும்போதே கன்டெய்னர் லாரியிலிருந்து உதிர்ந்த போல்ட் குத்திவிடும். மேன்ஹோல் மூடியின் விளிம்பில் சைட்வால் வெட்டுப்படும். இரண்டுக்கும் தப்பினால், வெயிலில் கிடந்து ரப்பர் இறுகி விரிசல் விடும். ஆகவே, இங்கே டயர் வாங்குபவருக்கு மூன்று கேள்விகள் போதும். மழையில் நனைந்த கான்கிரீட்டில் பிரேக் பிடித்தால் நிற்குமா? இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் தாங்குமா? பஞ்சரானால் டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) எந்தக் கடையிலும் கழற்றி மாட்டித் தருவார்களா?

இந்தக் கேள்விகளோடுதான் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு முன்னும் பின்னும் புது டயர் போட்டுப் பார்த்தேன். 2021-இல் புது எஞ்சினோடு வந்த கிளாசிக் அல்ல, அதற்கு முந்தையது. கம்பி வீல், உள்ளே டியூப். இந்தப் பேட்டைக்குப் பொருத்தமான வண்டிதான். இங்கிருந்து வடக்கே டி.எச். ரோட்டைப் பிடித்துப் போனால் வரும் திருவொற்றியூரில்தான் என்ஃபீல்டு தொழிற்சாலை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதே திருவொற்றியூரில் 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப். 1952-இல் பழைய டயர்களின் மேல் ஒட்டும் டிரெட் ரப்பருக்கு வந்தார்கள். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டயர் தயாரிப்பில் இறங்கினார்கள். வண்டியும் டயரும் ஒரே ஊரில் வளர்ந்தவை.

டயரின் பக்கத்தைப் படியுங்கள்

கடைக்காரர் சொல்லும் பிராண்டுக்கு முன்னால், டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். என் சோதனை வண்டியில் முன்னால் 90/90-19 52பி, பின்னால் 110/90-18 61பி.

பின் டயரை எடுத்துக்கொள்வோம். 110 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, அதாவது 99 மி.மீ. 18 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 61 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 257 கிலோ என்று அர்த்தம். முன் டயரின் 52-க்கு 200 கிலோ. பி என்ற எழுத்து மணிக்கு 150 கி.மீ. வரை தாங்கும் என்பதைச் சொல்கிறது. எம்.சி. ரோட்டு ஜவுளி மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போகிறவர் வேக எழுத்தை மறந்துவிடலாம். சுமை எண்ணை மட்டும் குறைக்கவே கூடாது.

பழைய புல்லட்காரர்களுக்கு இந்த எண்கள் அந்நியமாகத் தெரியும். அவர்கள் வண்டியில் முன்னும் பின்னும் 3.25-19 என்று அங்குலத்திலேயே இருக்கும். கணக்குப் போட்டால், 3.25-19 டயரின் மொத்த விட்டமும் 90/90-19-இன் விட்டமும் ஏறத்தாழ 3 மி.மீ.தான் வேறுபடும். அளவுமுறை மாறியது, சக்கரம் பெரிதாக மாறவில்லை.

அடுத்தது தேதி. ஓர் ஓவலுக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். கடையில் உட்கார்ந்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வடசென்னைக் கடைகளில் டயரைக் கடை வாசலில் வெயில்பட அடுக்கி வைப்பது சகஜம் என்பதால் இந்த எண் இன்னும் முக்கியம். ஓர் ஆண்டுக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகும் ஐந்து ஆண்டு கடந்தால் வருடத்துக்கு ஒரு முறை விரிசல் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு ஆனதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஓட்டக் கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். டிரெட் பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டோடு சமமானால் கதை முடிந்தது. இருசக்கர வண்டிக்கு மோட்டார் வாகன விதி கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ.தான். ஆனால் மழைக்காலத்துக்கு அது போதவே போதாது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

எதை எடுப்பது?

இந்த அளவில் எம்.ஆர்.எஃப். ஸாப்பர் வரிசையும் சியட் ஜூம் பிளஸ்ஸும் சுலபமாகக் கிடைக்கின்றன. இரண்டும் பயஸ் கட்டுமான டயர்கள், அதாவது உள்ளே நைலான் இழைகள் குறுக்குச் சாய்வாகப் பின்னியவை. சைட்வால் தடிமன். அதனால் பள்ளத்தில் விழுந்து எழும் நம் ரோட்டுக்கு ஒத்துப்போகும். ரேடியல் டயர் வேகத்தில் சூடாகாமல் ஓடும், வளைவில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வரிசையில் நிற்கும் வண்டிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

நான் பார்த்த கடையில் இரண்டு பிராண்டும் இருந்தன. எம்.ஆர்.எஃப். ஜோடியின் தேதி புதிதாக இருந்தது. அதையே எடுத்தேன். தேதி மாறியிருந்தால் தேர்வும் மாறியிருக்கும்.

பலர் கேட்பது, 'ஒரு சைஸ் பெருசா போட்டா என்ன?' என்று. பின்னால் 120/80-18 போட்டால் மொத்த விட்டம் 6 மி.மீ. குறையும், அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் கணக்குக் கெடாது. ஆனால் ரிம் அதே அகலம். அதைவிட அகலமான 130, 140 போட்டால் டயரின் இரண்டு விளிம்பையும் ரிம் உள்நோக்கி நெருக்கும். நடுப்பகுதி கூம்பாகி, ரோட்டைத் தொடும் பரப்பு குறைந்துபோகும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வண்டியைச் சாய்க்க மட்டும் அதிக பலம் வேண்டும். கம்பெனி அளவிலேயே இருந்துவிடுங்கள். கடையில் 'கிளாசிக் டயர்' என்று மட்டும் கேட்காதீர்கள். 2021-க்குப் பிந்தைய வண்டிக்கு 100/90-19, 120/80-18. பழைய டயரில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

டியூப்லெஸ் ஆக்கலாமே என்பவர்களுக்கு: கம்பி வீலில் ஒவ்வொரு ஸ்போக் முனைக்கும் ரிம்மில் ஓட்டை இருக்கிறது. அதன் வழியே காத்து போகும். அலாய் வீல் போட்டால்தான் அது சரிப்படும். ஓட்டையைப் பசையால் அடைத்துத் தருகிறேன் என்று சொல்கிற இடங்களும் உண்டு. உப்புக்காத்தில் துருவேறும் ரிம்மில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும் என்பதை நம்பி உயிரை வைக்க முடியாது.

விலையில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் பில்லோடு வாங்குங்கள். டயர் வீங்கினாலோ பிரிந்தாலோ வாரண்டி கேட்க அந்தச் சீட்டு வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் டயர் பக்கமே போக வேண்டாம். பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக்கி புதிது போலக் காட்டுவது பழைய வித்தை. அப்படிக் கீறிய டயரில் பள்ளத்தின் அடியில் நைலானை மூடும் ரப்பர் மிகக் குறைவாகவே இருக்கும்.

மாட்டும் கைதான் பாதி டயர்

நல்ல டயரைக் கெட்ட கை மாட்டினால் ஒரே மாதத்தில் பஞ்சர் வரிசையாக வரும். ஆகவே மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன்.

முதலில் டியூப். பழையதே ஒட்டில்லாமல் இருக்கிறதே என்று கேட்டேன். மாட்டுபவர் சிரித்தார். "பழசு நல்லாத்தான் கீது சார். ஆனா அது ஊதி ஊதிப் பெருசாயிடுச்சு. புது டயருக்குள்ள வெச்சா மடிப்பு விழும். மடிப்பு விழுந்த எடத்துல கிழியும்." அவர் சொன்னது முழு உண்மை. டயரோடு டியூப்பையும், ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடலோரம் ஓடும் வண்டி என்பதால் ரிம்மின் உள்பக்கத்தில் துரு பிடித்திருக்கும். அதைச் சுரண்டித் தேய்த்த பிறகே டேப் சுற்ற வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக் முனையை அரத்தால் தட்டையாக்கவும் சொல்லுங்கள். ரிம் கோட்டம் இருந்தால் எடுக்க இதுதான் நேரம். பேரிங்கையும் கையால் சுற்றிப் பார்த்துவிடலாம்.

டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும். அது சக்கரம் முன்னால் உருளும் பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் ஒட்டிக்கொள்ளாமல் சீராக விரியும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, வால்வு அருகே முடிக்க வேண்டும். கடைசிப் பகுதி உள்ளே போகும்போது வால்வை மேலே தள்ளிக்கொண்டால் டியூப் லீவரில் சிக்காது. விளிம்புக்குச் சோப்புத் தண்ணி போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவ விடாதீர்கள், ரப்பரை ஊற வைத்துவிடும்.

காத்தடித்ததும் சைட்வாலின் கீழே ரிம்மைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் அது ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் காத்தை இறக்கி மறுபடி அடிக்க வேண்டும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடிப்பக்கம் ஏற்றி வைப்பது நல்லது. டயர் கொஞ்சம் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் சொல்லாமல் அறுந்துபோகும்.

பின் சக்கரம் மாட்டியதும் செயினின் இருபக்க அட்ஜஸ்டரும் ஒரே அடையாளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் டிஸ்க் பிரேக் என்பதால், கிளம்புமுன் லீவரை நாலைந்து முறை அழுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

ரோட்டில்

புது டயர் முதலில் வழுக்கும். அச்சிலிருந்து வந்த வழவழப்பு போக ஏறத்தாழ 150 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். வண்டி முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தது. தேய்ந்து தளர்ந்த டயரிலிருந்து மாறும் எவருக்கும் இப்படித்தான் தோன்றும், போகப்போகச் சரியாகிவிட்டது.

மழை நின்ற காலையில் பழைய வண்ணாரப்பேட்டையின் கான்கிரீட் தெருக்களில் பிரேக் பிடித்தபோது வண்டி நேராக நின்றது. முந்தைய டயரில் பின்பக்கம் இழுக்கும். காசிமேட்டுப் பக்கம் ஐஸ் உருகிய மீன் தண்ணி ஓடும் இடங்களில் வித்தியாசம் குறைவு. அங்கே எந்த டயரும் கவனத்துக்கு மாற்று ஆகாது. கொருக்குப்பேட்டை கேட்டில் நனைந்த தண்டவாளமும் அப்படித்தான். சாய்வாகக் கடக்காமல், குறுக்கே நேராக, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கடல் மணல் படிந்த ஓரத்தில் முன் சக்கரம் அலைந்தது, ஆனால் பிடி விடவில்லை. குழிகளில் 19 அங்குல முன் சக்கரத்தின் அருமை தெரிந்தது. 17 அங்குல வண்டி விழுந்து எழும் குழியை இது உருண்டு கடந்துவிடும்.

காத்தை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, மேனுவல் சொல்லும் அளவுக்கு அடியுங்கள். பின்சீட்டில் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூட்ட வேண்டும். 'மழைக்குக் காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணினா கிரிப் கூடும்' என்பது தவறு. காத்து குறைந்தால் பள்ளங்கள் நெருங்கி, தண்ணீரை வெளியேற்றும் வழி சுருங்கிவிடும். நைட்ரஜனுக்குத் தனிக்காசு தேவையில்லை, சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் அதுதான்.

தீர்ப்பு

சாதகம்: ஈரத்தில் நம்பிக்கையான பிரேக், சுமை தாங்கும் சைட்வால், எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவு, எந்தப் பஞ்சர் கடையிலும் முடியும் வேலை.

பாதகம்: டியூப் என்பதால் ஆணி ஏறினால் காத்து சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். இது டயரின் குறை அல்ல, கம்பி வீலின் விலை.

யாருக்கு: பழைய கிளாசிக்கைத் தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு இந்த அளவும் இந்த வகையும் போதும். ஸாப்பரா ஜூம் பிளஸ்ஸா என்று மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டில் எதன் தேதி புதிதோ அதை எடுங்கள். மிச்சமாகும் காசில் புது டியூப், புது ரிம் டேப் வாங்கி, நின்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். அகலமான டயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிட இந்தச் செலவுதான் மழைநாளில் வேலை செய்யும்.