கொப்பியில் நிற்கும் ஆங்கிலம்

இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமாயினும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமாயினும், சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் மூன்றாம் தரத்தில் ஆங்கில பாடவேளை நடைபெறும் விதம் பெரும்பாலும் ஒன்றே. கரும்பலகையின் இடப்பாதியில் பத்து ஆங்கிலச் சொற்களும் வலப்பாதியில் அவற்றின் தமிழ்ப் பொருளும் எழுதப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றை ஒருமித்த குரலில் உரக்கச் சொல்லி, அப்பியாசக் கொப்பியில் பலமுறை எழுதி, மறுநாள் நடக்கவிருக்கும் சொல்வதெழுதலுக்கு ஆயத்தமாகின்றனர். அதன் பின்னர், 'ஷி' என்று தொடங்கி 'டு ஸ்கூல்' என்று முடியும் வாக்கியத்தின் நடுவே ஒரு கோடு வெறுமையாக விடப்பட்டிருக்கும். அக்கோட்டின்மேல் 'கோ' வருமா 'கோஸ்' வருமா என்பதே அன்றைய இலக்கணம்.

இம்முறையை நிந்திப்பவர்களும் உண்டு. இதுவே ஆங்கிலக் கல்வி என்று நம்பி, பிள்ளையின் கொப்பி நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்பவர்களும் உண்டு. முன்னவர்கள் மனனத்தையும் மீட்டுரைப்பையும் அநாகரிகமென்று தள்ளிவிட்டு விளையாட்டும் பாட்டும் போதுமென்கிறார்கள். பின்னவர்கள் சரியாக நிரப்பப்பட்ட கோட்டைக் கண்டதும் பாஷை வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். இவ்விரு சாராருள் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி என்னும் காரியத்தில் தோஷமில்லை. அது கண்ணுக்கும் கைக்கும் அளிக்கப்பட்டு, செவிக்கும் நாவுக்கும் மறுக்கப்படுவதே தோஷம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தோட்டங்களில் ஆங்கிலம் நெடுங்காலம் துரையின் பங்களாவிலும் ஆபிசிலும் வழங்கிய பாஷையாக இருந்ததேயன்றிப் பாடசாலையின் பாஷையாக இருந்ததில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட அதிகாரியின்மேல் வைத்தபோது, அந்தக் கல்வி சுயபாஷைக் கல்வியே என்று வரையறுத்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்த பின்னும் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் தயவிலேயே கிடந்தது. 1977 முதல்தான் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்கலாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று அறிவித்தது. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தங்கள், முதலாம் தரத்திலிருந்தே செயல்களோடு இணைந்த வாய்மொழி ஆங்கிலத்தையும், மூன்றாம் தரத்திலிருந்து பாடநூலோடு கூடிய ஆங்கிலத்தையும் எல்லாப் பாடசாலைகளுக்கும் விதித்தன. மூன்று தலைமுறை எட்டாதிருந்த ஒன்று கைக்கெட்டியபோது, லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வெளியேறும் வாசல் அதுவேயென்று பெற்றோர் நம்பியதில் வியப்பில்லை.

இனி, கரும்பலகைப் பயிற்சியின் குணங்களை முதலில் பேசுவதே நியாயம். ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒரே மண்டபத்தில், இடையே ஒரு தட்டிகூட இல்லாமல், சில வேளைகளில் மூன்று தரங்களைக்கூடச் சேர்த்து நடத்தும் பாடசாலையில், நான்காம் தரம் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தாலன்றி மூன்றாம் தரத்துக்கு எதையும் கற்பிக்க முடியாது. எழுத்துப் பயிற்சி அந்த அமைதியை அளிக்கிறது. ஆசிரியர் மாறிப்போனாலும், பல நாள் வராமலே இருந்தாலும், கொப்பியில் எழுதப்பட்டது அழிவதில்லை. விடியுமுன் பால் வெட்டப் புறப்பட்டு, திரும்பியதும் அடுப்படிக்குள் நுழையும் தாய், தன் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிக்க அறியாதவளாயினும், சிவப்பு மையால் இட்ட சரியடையாளங்களை எண்ணிப் பார்க்க அறிவாள். பாடசாலைக்கும் அவளுக்கும் இடையே உள்ள சம்பந்தம் பல வீடுகளில் அந்தக் கொப்பியொன்றே.

மனனம் நமக்கு அந்நியமானதுமன்று. திண்ணைப் பள்ளியில் எழுத்தாணி பிடித்த பிள்ளை, பொருள் முழுதும் விளங்குமுன்னரே மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைப் பாராமல் ஒப்பித்தான். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று வகுத்த வகுப்பும் செய்யுளின் ஓசையும் சேர்ந்து சொற்களை அவன் நெஞ்சில் நிறுத்தின. ஆயினும் அவனுக்கும் இன்றைய தோட்டத்துப் பிள்ளைக்கும் உள்ள பேதத்தை மறத்தல் ஆகாது. நிகண்டை ஓதியவன் தமிழுக்குள் பிறந்து தமிழைக் கேட்டு வளர்ந்தவன். ஓதிய சொல் என்றேனும் ஒருநாள் தெருவிலோ கோயிலிலோ அவன் எதிரே வந்து நிற்கும். தோட்டத்துப் பிள்ளை ஓதுகிற சொல்லோ, பாடசாலை மணி அடித்ததும் கொப்பிக்குள் மூடப்பட்டு, மறுநாள் பாடவேளையில்தான் மீண்டும் கண்விழிக்கிறது. போதாததற்கு, அவன் ஓதும் அட்டவணையில் ஓசையும் இல்லை, வகுப்பும் இல்லை.

முதலிரு தரங்களின் வாய்மொழி ஆங்கிலம் இக்குறையைத் தீர்க்கவே ஏற்பட்டது. பந்தை உருட்டிக்கொண்டும் கதவைத் திறந்துகொண்டும் பிள்ளை ஆங்கிலம் கேட்கவேண்டும், எழுதவேண்டியதில்லை என்ற அந்த ஏற்பாடு மிகச் சிறந்த ஏற்பாடே. ஆயினும் பரீட்சை இல்லாத பாடத்துக்கு நம் பாடசாலைகளில் உண்டாகும் கதி அதற்கும் உண்டாயிற்று. பிற வேலைகள் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது அதுவே. மூன்றாம் தரத்தில் பாடநூலும் கொப்பியும் வந்து சேர, காதில் விழாத வாக்கியத்தைக் கண்ணால் கற்கும் விபரீதம் தொடங்குகிறது.

அதிலும் எந்த இலக்கணம் முதலில் என்ற கிரமம் தலைகீழாக இருக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் அம்மொழியின் உருபுகளை எந்த ஒழுங்கில் அடைகின்றனர் என்பதை அமெரிக்க அறிஞர் ரோஜர் பிரௌன் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் 'இங்' ஈறு முதன்முதலில் வந்தது. 'இன்', 'ஆன்' என்னும் இடஞ்சுட்டும் சொற்களும் பன்மை ஈறும் விரைவில் வந்தன. 'கோஸ்' என்பதன் ஈற்றில் நிற்கும் படர்க்கை ஒருமை ஒலியோ வெகு பின்னர்த்தான் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையே தாமதித்து அடையும் ஒன்றை, ஆங்கிலம் கேளாத பிள்ளையிடம் முதற்பாடங்களிலேயே கேட்டு, அது தவறும்போதெல்லாம் சிவப்புக் குறுக்குக்கோடு இடுகிறோம். இரண்டாம் மொழியாகக் கற்பவனுக்கு அதே ஒழுங்கு அணுவளவும் பிசகாமல் பொருந்துமென்று நான் வாதிக்கவில்லை. ஆனால் ஓடுகிறான், குதிக்கிறாள், எழுதுகிறார்கள் என்று வகுப்பறையிலேயே செய்து காட்டிச் சொல்லத்தக்க 'இங்' வாக்கியங்களை நிறையக் கேட்டபின், 'கோஸ்' தானே வந்து சேரக் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

சப்ரகமுவத்துக்கென்று தனியான ஒரு செய்தி இங்கே உண்டு. பயிற்சி நூல்களை ஆக்குவோர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்கள் தொடர்ந்து பரந்து கிடப்பதால் தமிழ்ப் பிள்ளை தமிழுக்குள்ளேயே வளர்வது எளிது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. கடைக்குப் போகும் பிள்ளை, பஸ்சில் ஏறும் பிள்ளை, கிராமத்துப் பையன்களோடு கிரிக்கெட் ஆடும் பிள்ளை ஆகிய எல்லோரும் பள்ளிக்கு வருமுன்னரே சிங்களம் பேசக் கற்றுவிடுகின்றனர். ஒரு சொல் அட்டவணையும் இன்றி, ஒரு கோடும் நிரப்பாமல், அதைக் கற்றிருக்கின்றனர்.

பயிற்சியை வெறுப்பவர்கள் இதைத் தமக்குச் சாட்சியாகக் காட்டுவதுண்டு. பாஷை தானாகவே வரும், பயிற்சி வீண் என்பது அவர்கள் முடிவு. அம்முடிவு ஒப்பத்தக்கதன்று. சிங்களத்துக்கு அயலகம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு இல்லை. அன்றியும், சிங்களத்தின் வாக்கிய அமைப்பு தமிழின் அமைப்புக்கு மிக அணுக்கமானது: இரண்டிலும் வினை இறுதியில் நிற்கிறது; மேசை என்னும் பெயர் முன்னும் மேல் என்னும் சொல் பின்னுமாகவே இரண்டிலும் வருகிறது; இவர் ஆசிரியர் என்று சொல்ல இரண்டிலும் இரண்டு சொல் போதும், ஆங்கிலத்தின் 'இஸ்' வேண்டியதில்லை. சிங்களம் எளிதில் வந்தது கண்டு ஆங்கிலமும் அவ்வாறே வருமென்று எதிர்பார்ப்பது, வந்த வழியை அறியாமல் வந்த பொருளை மட்டும் எண்ணுவதாகும். தெருவில் கிடைக்காத மீட்டுரைப்பை வகுப்பறைதான் செயற்கையாக உண்டாக்கித் தரவேண்டியிருக்கிறது. ஆதலால் தோட்டத்தில் பயிற்சிக்குள்ள அவசியம் கொழும்பில் உள்ளதைவிட அதிகமே.

ஆனால் அந்தச் சிங்கள ஞானம் ஆங்கிலத்துக்கு உபகாரமாகும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, உச்சாரணம். தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றே. ஆங்கிலத்தின் p, b என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் அதையே எழுதுகிறோம், ஆகவே தமிழ் மட்டும் அறிந்த பிள்ளை சொல்லின் தலையில் இவ்விரண்டையும் குழப்புகிறது. சிங்களம் பேசும் பிள்ளையின் நாவிலோ இவ்விரு ஒலிகளும் ஏற்கெனவே பிரிந்து நிற்கின்றன. இரண்டாவது, வினையின் இயைபு. தமிழில் போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று எழுவாய்தோறும் வினை மாறுகிறது. பேச்சுச் சிங்களத்தில் நானாயினும் அவளாயினும் நாங்களாயினும் 'யனவா' என்ற ஒரே வடிவம் போதும். ஆங்கிலம் பெரும்பாலும் சிங்களத்தின் வழியே நடந்து, படர்க்கை ஒருமையில் மட்டும் தமிழின் வழியைச் சிறிது நினைவூட்டுகிறது. இதை ஒருமுறை எடுத்துச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்; இரு மொழியையும் கையில் வைத்திருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லாமல், விதியென்று மட்டும் ஓதச் செய்வது, இருக்கும் செல்வத்தைப் பூட்டிவைத்துக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

சொற்களைத் தேர்வதிலும் இவ்வலட்சியமே காணப்படுகிறது. கடையில் விலைக்குக் கிடைக்கும் பயிற்சி நூல்களில் பனிவீடும் வரிக்குதிரையும் தவறாமல் வருகின்றன. தோட்டத்துப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே உலாவும் ஆங்கிலச் சொற்களோ பல: லயம் என்று நம் நாவில் திரிந்த லைன், ஸ்டோர், ஆபிஸ், செக்ரோல், டிஸ்பென்சரி, டிவிசன், லீவ், லொறி. இவற்றைத் தமிழென்றே எண்ணியிருக்கும் பிள்ளைக்கு, உனக்கு முன்பே ஆங்கிலம் சிறிது தெரியும் என்று காட்டித் தொடங்கினால், அச்சத்தில் பாதி அங்கேயே தீரும்; உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டையும் திருத்துவதே எஞ்சிய வேலை.

வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், 1926இல் வெளியிட்ட இருமொழிக் கல்வி பற்றிய நூலில், இந்நாட்டாருக்கு மிக வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டார். ஆயுள் காப்புறுதியை இடையில் கைவிடுபவனுக்கும் கட்டிய பணத்தில் ஒரு பங்கு மீள்வதுபோல், படிப்பை இடையில் நிறுத்தும் மாணவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தினால் மீளும் பிரயோசனம் யாது என்பதே அக்கேள்வி. தோட்டத்தில் ஐந்தாம் தரத்தோடோ எட்டாம் தரத்தோடோ நின்றுவிடும் பிள்ளை இன்றும் உண்டு. கோடு நிரப்பக் கற்றுக்கொண்ட பிள்ளை நின்றுவிட்டால் அதன் கையில் மீளுவது ஒன்றுமில்லை. நிரப்பத் தக்க கோடு பாடசாலைக்கு வெளியே எங்கும் இல்லை. மருந்து உறையில் உள்ளதை வாசிக்கவும், உர மூட்டையின் மேலுள்ள எச்சரிக்கையை எழுத்துக்கூட்டிப் படிக்கவும், தன் பெயரும் ஊரும் வயதும் கேட்பவருக்கு அஞ்சாமல் விடை சொல்லவும் கற்ற பிள்ளைக்கு ஏதோ மீளுகிறது. வெஸ்ட் இதற்கு வாசிப்பே முதல் என்றார். அவர் காலத்து வங்காள மாணவனுக்கு அது சரியாயிருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்குப் பேச்சையும் வாசிப்பையும் அவ்வளவு தூரம் பிரிப்பது நன்றன்று என்று தோன்றுகிறது.

இத்தனை குறைகள் தெரிந்தும் எழுத்துப் பயிற்சி ஏன் அசையாமல் நிற்கிறது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையே காரணமென்று யாவரும் விரல் நீட்டுவர். அப்பரீட்சை எழுத்துப் பரீட்சையே. காது கேட்டதையோ வாய் பேசியதையோ அது அளப்பதில்லை. மாதிரி வினாத்தாள்களின் வியாபாரமும் டியூஷன் வகுப்பின் வியாபாரமும் அதன் நிழலில் செழிக்கின்றன. ஆயினும் அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்பதை உபாத்தியாயர்கள் தமக்குள் ஒப்புக்கொள்வார்கள். எழுத்துப் பயிற்சி பிள்ளையைவிட ஆசிரியரைக் காக்கிறது. ஆங்கிலத்துக்கென்று பயிற்றப்படாமல், அதிபர் கேட்டுக்கொண்டதற்காக அப்பாடத்தை ஏற்றுக்கொண்ட ஓர் ஆசிரியை, தாமே ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசிப் பழகாதவராயின், கரும்பலகையின் பின்னே ஒதுங்குவது இயல்பு. விடை அச்சிட்ட நூல் கையிலிருக்கும்வரை அவர் பிழை செய்யமாட்டார். 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டென்று பிரகடனம் செய்து, நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்று அரசாங்கம் முழங்கியபோது குறிவைக்கப்பட்டது இந்த அச்சமே. முழக்கம் நல்லதுதான். தோட்டத்துச் சிறு பாடசாலைக்குள் அதன் ஒலி எவ்வளவு சென்றது என்பதை அங்கே ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்ப்பவர் அறிவர்.

ஆகவே கொப்பியை எரிக்கும்படி நான் சொல்லவரவில்லை. எழுதப்போகும் வாக்கியம் எதுவோ அது எழுதப்படுமுன் பிள்ளையின் வாயில் இருபது முறையாவது வந்திருக்கவேண்டும், அவ்வளவே. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த ஹரல்ட் பாமர் 1916இலேயே பிரசுரித்த மாற்று அட்டவணைகள் இதற்குப் போதும்: எழுவாய் நான்கு, வினை நான்கு, இடம் நான்கு என்று மூன்று நிரல்களாகக் கரும்பலகையில் எழுதினால் அறுபத்து நான்கு வாக்கியங்கள் பிறக்கும், ஆங்கிலம் சரளமாகப் பேசாத ஆசிரியையும், ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒவ்வொரு சொல்லைக் கோலால் தொட்டுக் காட்டிப் பிள்ளைகளைப் பிழையின்றிப் பேசவைக்கலாம். நிரல்களில் பனிவீட்டுக்குப் பதில் ஸ்டோரும் லயமும் கோயிலும் இடம்பெறட்டும். நான்காம் தரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் தரத்தோடு பத்து நிமிஷம் இதைச் செய்யலாம். புள்ளிகள் குறையுமே என்று அஞ்சும் பெற்றோருக்கும் விடை இதிலேயே இருக்கிறது: 'ஷி கோஸ் டு ஸ்கூல்' என்று பலநூறு முறை சொல்லிப் பழகிய பிள்ளை, வினாத்தாளில் அந்தக் கோட்டைக் கண்டதும் விதியைத் தேடுவதில்லை, 'ஷி கோ' என்பது அதன் காதுக்கே ஒவ்வாது.