அதிமனிதன் பிறந்த பக்கம்

படக்கதை படிக்கும் மாணவரைப் பெரியவர்கள் கடிந்துகொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். இக்கட்டுரை அப்படிக் கடிந்துகொள்வதற்காக எழுதப்பட்டதன்று. படியுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு பென்சிலையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று சொல்வதற்காகவே எழுதப்பட்டது.

அமெரிக்கப் படக்கதைகளைச் சேகரிப்போர், ஒரு வீரன் முதன்முதலாகத் தோன்றிய இதழையே எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கின்றனர். 1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அன்றைய விலை 10 சென்ட். அதன் பிரதி ஒன்று 2024-ஆம் ஆண்டில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது அந்த இதழில்தான்.

நமக்கும் முதல் தோற்றம் முக்கியமானதே. ஆனால் வேறு காரணத்திற்காக. இந்த மனிதனுக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பெரும்பாலும் முதல் இதழிலேயே கதாசிரியர் விடை சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் நூறு இதழ்களில் சண்டையும் சாகசமும் நடக்கும். காரணம் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆகவே விஞ்ஞானம் படிக்கும் ஒருவர் எடைபோட்டுப் பார்க்க வேண்டியது அந்த முதல் பக்கத்தையே.

எறும்பும் வெட்டுக்கிளியும்

ஜெர்ரி சீகல் எழுதி, ஜோ ஷஸ்டர் படம் வரைந்த அக்கதையில் சூப்பர்மேனின் பிறப்பு ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. தொலைதூரக் கோள் ஒன்று முதுமையால் அழிகிறது. விஞ்ஞானி ஒருவர் தம் கைக்குழந்தையை விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்புகிறார். குழந்தை வளர்ந்ததும் 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுகிறான். எட்டில் ஒரு மைல் தூரம் பாய்கிறான். விரைவு ரயிலை முந்துகிறான். ஆயினும் அவனுக்கு எல்லைகள் உண்டு. வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவன் தோலைத் துளைத்துவிடும். பறக்கவும் அவனால் இயலாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்பக்கத்திலேயே விஞ்ஞான விளக்கம் என்ற தலைப்பில் காரணமும் தரப்படுகிறது. அந்தக் கோளின் மக்கள் நம்மைவிடப் பல லட்சம் ஆண்டுகள் முன்னேறிய உடலமைப்பு உடையவர்கள். இத்தகைய வலிமை நம்பமுடியாததா? இல்லை, எறும்பு தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தன் உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெருந்தூரம் தாண்டுகிறது என்கிறது அவ்விளக்கம்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? இங்கேதான் பென்சில் வேண்டும்.

5 மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பு ஒன்று தன் எடையைப்போல 50 மடங்கு தூக்குவதாக வைத்துக்கொள்வோம். அதை எல்லாத் திசையிலும் 300 மடங்கு பெரிதாக்கினால் ஒன்றரை மீட்டர் நீளமாகும். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே வலிமை 300-இன் வர்க்கம், அதாவது 90,000 மடங்கு கூடும். எடையோ கன அளவைப் பொறுத்தது. அது 300-இன் கனம், அதாவது 2 கோடியே 70 லட்சம் மடங்கு கூடும். எடை, வலிமையைவிட 300 மடங்கு வேகமாக வளர்ந்துவிட்டது. முன்பு 50 மடங்கு தூக்கிய எறும்பு, இப்போது தன் எடையில் ஆறில் ஒரு பங்கைத்தான் தூக்க முடியும். தன் உடம்பையே தாங்கமாட்டாமல் அது தரையோடு அழுந்திக் கிடக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே, பெரிய விலங்கின் எலும்பு ஏன் விகிதத்தை மீறித் தடித்திருக்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் காலமான உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், உயிர்களின் உருவ அளவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1926-இல் வந்தது. சூப்பர்மேன் தோன்றுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அது அச்சாகிவிட்டது. எறும்பு வலிமையாக இருப்பதற்குக் காரணம் அது சிறியதாக இருப்பதே; அதன் உடலமைப்பு நம்முடையதைவிட முன்னேறியது என்பதனால் அன்று. சீகல் தம் வீரனுக்குச் சாட்சியாக அழைத்த எறும்பு, எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்கிறது!

பெயரில்லாக் கோளும் பெயரில்லா நகரும்

மற்றொரு செய்தியையும் கவனியுங்கள். அந்த முதல் பக்கத்தில் கோளுக்குப் பெயர் இல்லை. 'கிரிப்டான்' என்ற பெயர் 1939 ஜனவரியில் தொடங்கிய நாளிதழ்ப் படக்கதையில்தான் வருகிறது. அவன் வாழும் நகரும் பெயரற்றதே. 'மெட்ரோபோலிஸ்' என்ற பெயர் 1939 செப்டம்பர் இதழில் கிடைத்தது. இடங்கள் முதலில் தோன்றின. பெயர்கள் பின்னால் வந்து சேர்ந்தன.

வேதியியல் மாணவர் இங்கே ஒரு குழப்பத்திற்கு ஆளாகக்கூடும். கிரிப்டான் என்பது உண்மையில் ஒரு மந்த வாயு. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ் இருவரும் திரவக் காற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். 'மறைந்திருப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டனர். நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அது உள்ளது. சூப்பர்மேனை வீழ்த்தும் 'கிரிப்டோனைட்' என்னும் பச்சைக் கல்லுக்கும் இவ்வாயுவுக்கும் எவ்வித உறவும் இல்லை. அக்கல் 1943-இல் வானொலித் தொடரில் முதலில் தோன்றி, 1949-இல்தான் படக்கதைக்குள் வந்தது.

இரண்டாவது காரணம்

1939-இல் சூப்பர்மேனுக்கென்று தனி இதழ் வந்தபோது வேறொரு காரணமும் சேர்க்கப்பட்டது. பூமி கிரிப்டானைவிடச் சிறியது. அதன் ஈர்ப்பும் குறைவு. ஆகவே அவனுடைய தசைகளுக்கு இங்கே எல்லாம் எளிதாகிவிடுகிறது என்பது அக்காரணம். இது முன்னதைவிடப் பலமடங்கு உயர்ந்தது என்பேன். ஏனெனில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே உள்ள சந்திரனில், பருமனான உடை அணிந்த மனிதர்கள் எளிதாகத் துள்ளி நடந்ததை 1969-இல் உலகமே பார்த்தது.

கணக்கிட்டுப் பார்ப்போமா? சாதாரண மனிதன் அரை மீட்டர் குனிந்து எழுந்து, மேலும் அரை மீட்டர் உயரம் தாவுகிறான். ஆக அவன் உடல் உயர்வது 1 மீட்டர். கிரிப்டானில் சூப்பர்மேனும் இப்படித்தான் தாவுவான் எனக் கொள்வோம். பூமியில் அவன் தாண்டும் 20 மாடி ஏறத்தாழ 60 மீட்டர். தசைகள் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே என்றால், கிரிப்டானின் ஈர்ப்பு பூமியினுடையதைப்போல ஏறத்தாழ 60 மடங்கு இருக்க வேண்டும்.

அடர்த்தி மாறாதிருந்தால், கோளின் மேற்பரப்பு ஈர்ப்பு அதன் ஆரத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்படியானால் கிரிப்டானின் ஆரம் பூமியின் ஆரத்தைப்போல 60 மடங்கு. வியாழனின் ஆரமே பூமியினுடையதைப்போல 11 மடங்குதான்! நிறையோ 60-இன் கனம், அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம் பூமிகள். சூரியனின் நிறை 3 லட்சத்து 33 ஆயிரம் பூமிகள். எனவே கிரிப்டான், நிறையில் சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. அத்தனை நிறையைப் பாறையால் தாங்க இயலாது. தன் பாரத்தாலேயே அது நசுங்கிச் சுருங்கிவிடும்.

விளக்கம் தோற்றுவிட்டது. ஆனாலும் அது மதிப்புக்குரிய தோல்வி. தன்னைத் தோற்கடிக்க வேண்டிய எண்களைத் தானே நம் கையில் கொடுத்த விளக்கம் அது.

எல்லை போன பின்

பின்னர் நடந்தது என்ன? 1940-களில் சூப்பர்மேன் பறக்கத் தொடங்கினான். மலையையே தூக்குபவனாக வளர்ந்தான். இத்தனைக்கும் ஈர்ப்பு வேறுபாடு போதாது என்பதைக் கதாசிரியர்களே உணர்ந்திருக்க வேண்டும். 1960 வாக்கில், நம் சூரியனின் மஞ்சள் ஒளியே அவனுக்கு ஆற்றல் தருகிறது என்ற காரணம் நிலைபெற்றது.

இதையும் கணக்கிடலாம். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட். 80 கிலோகிராம் நிறையுள்ளவன் 60 மீட்டர் தாவ 47,000 ஜூல் தேவை. ஒரு நிமிட வெயிலே இதற்குப் போதும்! 1938-ஆம் ஆண்டுச் சூப்பர்மேனுக்கு வெயில் கணக்கு சரியாகிறது. ஆனால் 10 கோடி டன் மலையை 1 மீட்டர் உயர்த்த வேண்டுமானால், அவன் சுமார் 31 ஆண்டுகள் இடைவிடாமல் நண்பகல் வெயிலில் நிற்க வேண்டும். மஞ்சள் சூரியன் எதற்கும் விடை சொல்கிறது, எதையும் மறுப்பதில்லை. 'இது அவனால் முடியாது' என்று ஒன்றையும் சொல்லாத விளக்கம், உண்மையில் எதையும் விளக்கவில்லை. முதல் இதழின் சூப்பர்மேனுக்கு எல்லைகள் இருந்தன என்றேனே, அவன்தான் விஞ்ஞானத்துக்கு நெருங்கியவன்.

கதிரியக்கம் என்னும் வரம்

அடுத்த தலைமுறை வீரர்களுக்கு வருவோம். 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளி சென்றார். அவ்வாண்டு நவம்பர் தேதியிட்ட இதழில், விண்வெளியில் அண்டக் கதிர்கள் தாக்கிய நால்வர் வீரர்களாயினர். 1962 மே தேதியிட்ட இதழில், காமா குண்டுச் சோதனையில் சிக்கிய பேனர் என்ற விஞ்ஞானி ஹல்க் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்ட் இதழில், கதிர்பட்ட சிலந்தி கடித்துப் பீட்டர் பார்க்கர் என்ற மாணவன் ஸ்பைடர்மேன் ஆனான். ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு வியந்தனர், எதைக் கண்டு அஞ்சினர் என்பதை இந்த முதல் தோற்றங்களே காட்டிவிடுகின்றன. 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அதே சிலந்தி, மரபணு மாற்றப்பட்ட சிலந்தியாகிவிட்டது. கதை மாறவில்லை, காலத்தின் மந்திரச் சொல்தான் மாறியது.

இங்கே நம் குறை வெறும் கணக்குப் பிழையைப் பற்றியதன்று. எக்ஸ் கதிர்கள் மரபுப் பண்புகளில் திடீர் மாற்றம் விளைவிப்பதை ஹெர்மன் முல்லர் பழ ஈக்களைக் கொண்டு 1927-இல் காட்டினார். 1946-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மாற்றங்கள் பெரும்பாலும் கேடு விளைவிப்பவை. மேலும், மனித உடலில் 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன. கதிர் ஒவ்வொரு செல்லையும் வெவ்வேறு இடத்தில் குருட்டுத்தனமாகத் தாக்கும். எல்லாச் செல்களும் ஒரே விதமாக, அதுவும் நன்மையாக மாறுவது எங்ஙனம்? 1954 மார்ச் 1-இல் பிகினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்த 23 பேர்மீது விழுந்தது. அவர்களுக்கு வலிமை வரவில்லை. தோல் வெந்தது, முடி உதிர்ந்தது. ஒருவர் அவ்வாண்டே மாண்டார். ஹல்க் கதையில் வெடிகுண்டைப் பற்றிய அச்சம் உண்மையாகவே உள்ளது; தமக்கு நேர்ந்ததைப் பேனர் சாபமாகவே கருதுகிறார். அதற்காக அதைப் பாராட்டலாம். ஆயினும் கதிர்பட்டவன் எழுந்து நிற்கிறான் என்பதே சிறுவர் மனத்தில் பதிகிறது.

ஸ்பைடர்மேனின் முதல் கதையில் இன்னொரு பிழை: சிலந்தியைப் பூச்சி என்கிறது! பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. எனினும், எனக்கு மிகப் பிடித்த செய்தியும் அக்கதையில்தான் இருக்கிறது. ஸ்பைடர்மேன் எறியும் வலை சிலந்திக்கடியால் வந்ததன்று. வேதியியலில் ஆர்வமுள்ள அம்மாணவன் தன் அறையில் அமர்ந்து, பசைத் திரவத்தையும் அதைப் பீய்ச்சும் கருவியையும் தானே செய்துகொள்கிறான். 2002-ஆம் ஆண்டுத் திரைப்படம் இதை நீக்கிவிட்டு, வலையை மணிக்கட்டிலிருந்தே வரச்செய்தது. உழைத்துப் பெற்றதை விபத்தில் கிடைத்ததாக்கிய இம்மாற்றம் வருந்தத்தக்கது.

அடுத்த முறை புதிய வீரன் ஒருவன் தோன்றும் முதல் பக்கத்தைப் புரட்டும்போது, மூன்று கேள்விகள் கேளுங்கள். இவன் வலிமைக்குச் சொல்லும் காரணத்தை எண்ணால் சோதிக்க முடியுமா? இக்காரணம் எதை 'முடியாது' என்கிறது? இவனுக்குக் கிடைத்தது விபத்தாலா, அறிவாலா? விடைகளைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு கதையை மகிழ்ச்சியோடு படியுங்கள்.