பதினொரு பாயிண்ட்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் ஒரு ரகம் உண்டு. "நாலு வாரமாகக் கதை நகரவே இல்லை. கதாநாயகி அழுதுகொண்டே இருக்கிறாள். உங்களுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது" என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் திட்டிவிட்டு, கடைசி வரியில், "சென்ற வாரம் எங்கள் ஊருக்குப் பத்திரிகை ஒரு நாள் தாமதமாக வந்தது. தயவு செய்து விசாரிக்கவும்" என்று முடிந்திருக்கும். இந்தக் கடிதத்தை எழுதியவர் என் எதிரி அல்ல என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. கதை பிடிக்காதவர் படிப்பதை நிறுத்திவிடுகிறார். அவர் கடிதம் எழுதுவதில்லை.

இந்த ரக மனிதர்களை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு கால்பந்துக் கோஷ்டியின் மைதானத்துக்குப் போக வேண்டும். ஒரு நாவலை விமர்சிப்பதுபோல ஒரு கோஷ்டியின் ஒரு வருஷத்து ஆட்டத்தை விமர்சித்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு வெகு நாளாக ஆசை. அதற்காக நான் எடுத்துக்கொள்வது டார்பி கவுண்டி என்ற கோஷ்டியின் 2007-08 ஸீஸனை. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. சில ஆட்டங்களை டெலிவிஷனில் பார்த்தேன். மற்றவற்றின் முடிவை மறுநாள் பத்திரிகையில் படித்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்த எனக்கே மனசு சங்கடப்பட்டது.

கால்பந்தில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குப் பிரீமியர் லீக் என்று பெயர். அதில் 20 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு தடவை, ஆக 38 ஆட்டம் ஆட வேண்டும். ஜயித்தால் 3 பாயிண்ட், சமமாக முடிந்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. வருஷ முடிவில் கடைசி மூன்று கோஷ்டிகளும் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட வேண்டும்.

டார்பி அந்த வருஷம் 38 ஆட்டங்களில் ஒன்றில் ஜயித்தது, எட்டைச் சமமாக முடித்தது, 29-ல் தோற்றது. போட்ட கோல் 20, வாங்கிய கோல் 89. மொத்தம் 11 பாயிண்ட். இதில் 4 பாயிண்ட் நியூகாஸில் என்ற ஒரே கோஷ்டியிடமிருந்து வந்தவை. பிரீமியர் லீகில் அதுவரை யாரும் இவ்வளவு குறைவாக எடுத்ததில்லை.

நாவலாசிரியன் என்ற முறையில் முதலில் என் கண்ணில் படுவது கதையின் அமைப்பு. ஆறாவது அத்தியாயத்தில், 2007 செப்டம்பர் 17-ந் தேதி, கென்னி மில்லர் என்ற புதிதாக வந்த ஆட்டக்காரர் தம் முதல் ஆட்டத்திலேயே வெகு தூரத்திலிருந்து ஒரு கோல் போட, டார்பி நியூகாஸிலை 1-0 என்று ஜயித்தது. அதுதான் அந்த வருஷத்தின் ஒரே சந்தோஷ சம்பவம். அதற்குப் பிறகு 32 அத்தியாயங்கள். 2008 மார்ச் 29-ல், இன்னும் ஆறு ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே, கீழே இறங்குவது நிச்சயமாகிவிட்டது. முடிவு தெரிந்த பிறகும் ஆறு அத்தியாயம் எழுதுகிற ஆசிரியனை எந்தப் பத்திரிகையும் வைத்துக்கொள்ளாது. அந்த ஆறில் ஒன்றில் ஆஸ்டன் வில்லாவிடம் சொந்த மைதானத்திலேயே 6-0. இன்னொன்றில் ஆர்ஸனலிடம் 6-2.

கால்பந்து ரசிகனின் ஏமாற்றத்தைப் பற்றி நிக் ஹார்ன்பி 1992-ல் 'ஃபீவர் பிட்ச்' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். நல்ல புஸ்தகம். ஆனால் அவருடைய கோஷ்டி ஆர்ஸனல். பல வருஷ ஏக்கத்துக்குப் பிறகு, 1989-ல் லிவர்பூலில், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் போட்ட கோலால் அது சாம்பியன் ஆயிற்று. துக்கத்தைப் பற்றி எழுதும் எல்லாருமே இப்படி ஒரு கல்யாணத்தை முடிவுக்கு அருகில் வைத்துக்கொள்ளவே விரும்புகிறோம். டார்பி ரசிகனுக்கு அந்த வசதி இல்லை. கல்யாணம் ஆறாம் அத்தியாயத்திலேயே நடந்து, பந்தலையும் பிரித்துவிட்டார்கள்.

இனி, அந்த ரசிகனின் விமர்சனத்தைக் கவனிப்போம். தோற்கும் கோஷ்டியின் ரசிகன் எந்த ஊரிலும் மூன்று குற்றச்சாட்டுகளைத்தான் சொல்கிறான்.

முதலாவது, ஆட்டக்காரர்கள் மனசு வைத்து ஆடவில்லை என்பது. இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2007 டிசம்பர் 26-ல் லிவர்பூல் டார்பியில் ஜயிப்பதற்குக் கடைசி நிமிஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் சாம்பியன் ஆன மான்செஸ்டர் யுனைட்டெட், 2008 மார்ச்சில் டார்பிக்கு வந்து ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. அதுவும் ஆட்டம் முடியக் கால் மணி இருக்கும்போது. மனசு வைக்காதவர்கள் இப்படித் தோற்பதில்லை. ஓடினார்கள், எதிரிகள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

இரண்டாவது, கிளப்பை நடத்துகிறவர்கள் பணத்தைச் சரியாகச் செலவிடவில்லை என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கோடையில் அதுவரை டார்பி எவருக்கும் கொடுத்திராத விலையாக 35 லட்சம் பவுன் கொடுத்து, நார்விச்சிலிருந்து ராபர்ட் எர்ன்ஷா என்பவரை வாங்கினார்கள். வாங்கியவரைப் பல ஆட்டங்களில் உட்கார வைத்தார்கள். லீகில் அவர் போட்ட ஒரே கோல் ஏப்ரல் 28-ல், ஆர்ஸனலிடம் ஆறு வாங்கிய அன்று வந்தது. ஆனால் அவரையே எல்லா ஆட்டங்களிலும் ஆட வைத்திருந்தாலும், 89 கோல் வாங்கும் கோஷ்டியை ஒருவர் எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பார்?

மூன்றாவது, மானேஜரை மாற்ற வேண்டும் என்பது. எல்லா ரசிகர்களும் நம்பும் மருந்து இது. டார்பியில் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பில்லி டேவிஸ் 14 ஆட்டங்களில் 6 பாயிண்ட் எடுத்திருந்தபோது, நவம்பர் மாதம் அவரும் கிளப்பும் பிரிந்தார்கள். அவர் இடத்துக்குப் பால் ஜூவல் வந்தார். ஜனவரியில் புது ஆட்டக்காரர்கள் பலர் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து புது முதலாளிகளும் வந்தார்கள். புது மானேஜரின் 24 ஆட்டங்களில் கிடைத்தது 5 பாயிண்ட். ஜயம் ஒன்றுகூட இல்லை.

மூன்றும் போதவில்லை என்றால் வியாதி எங்கே? கதையைப் பின்னோக்கிப் படித்தால் தெரிகிறது. 2006-ல் டார்பி இரண்டாவது டிவிஷனில் இருபதாவது இடத்தில் இருந்தது. இன்னும் சற்று வழுக்கியிருந்தால் மூன்றாவது டிவிஷனில் விழுந்திருக்கும். அடுத்த ஒரே வருஷத்தில் டேவிஸ் அந்தக் கோஷ்டியை மூன்றாவது இடத்துக்கு ஏற்றி, 2007 மே 28-ந் தேதி வெம்பிளி மைதானத்தில், ஏறக்குறைய 75,000 பேருக்கு முன்னால் 1-0 என்று ஜயித்து, பிரீமியர் லீகில் கொண்டுபோய் விட்டார். அந்த ஒரு கோல் டார்பிக்கு ஆறு கோடி பவுன் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஏறியது கிளப்புதான். ஆட்டக்காரர்கள் பழைய இடத்திலேயே இருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையனை டபிள் பிரமோஷன் கொடுத்துக் காலேஜில் உட்கார வைத்ததுபோல ஆயிற்று. பையன் மக்கு அல்ல. வகுப்புதான் அவனுடையது அல்ல.

இங்கேதான் ரசிகனின் சங்கடம் ஆரம்பிக்கிறது. அந்த மே மாதத்து மத்தியானம் வெம்பிளியில் தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். அவன் கேட்டது கிடைத்தது. 'இப்போது வேண்டாம், இரண்டு வருஷம் கழித்துக் கொடு' என்று எந்த ரசிகன் வேண்டிக்கொள்வான்? ஆகவே அவன் மானேஜரைத் திட்டும்போதும் முதலாளியைத் திட்டும்போதும், அந்தத் திட்டில் ஒரு பங்கு அவனுக்கே திரும்பி வருகிறது. அவனுடைய கோபத்தில் நான் காணும் சுருதி இதுதான்.

டார்பி மைதானத்தின் பெயர் 'பிரைட் பார்க்'. பெருமைப் பூங்கா என்று சொல்லலாம். அந்த வருஷத்தில் அந்தப் பெயரைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் சுமார் 33,000 பேர் உட்காரக்கூடிய அந்த மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 32,000 பேருக்கு மேல் வந்தார்கள். தோற்கத் தோற்க வந்தார்கள். பாடினார்கள் என்றும் கேள்வி. டார்பி ரசிகர்களின் விசுவாசத்தைப் பத்திரிகைகள் மெச்சின.

இந்தப் பாராட்டைப் பற்றித்தான் எனக்கு அபிப்பிராய பேதம். விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கிளப்புகள் வருஷ டிக்கட்டைக் கோடையிலேயே விற்றுவிடுகின்றன. முதல் பந்தை உதைக்குமுன்பே ரசிகனின் பணம் பெட்டிக்குள் போய்விடுகிறது. அப்புறம் அவன் கையில் மிஞ்சுவது அபிப்பிராயம் ஒன்றுதான். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, 'என்ன பொறுமை, என்ன பெருந்தன்மை' என்று முதுகில் தட்டிக் கொடுத்தால், அது மரியாதையான முறையில் வாயை அடைப்பதே. பாடுகிற ரசிகனைவிட, பாடிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுக்கிற ரசிகன் எனக்கு அதிகம் வேண்டியவன். அவன் சொல்லும் காரணங்கள் தவறாக இருக்கலாம். மூன்றையும் நானே மறுத்திருக்கிறேன். ஆனால் 1972-லும் 1975-லும் டார்பி இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்தது, அந்த முதல் தடவை பிரையன் கிளஃப் மானேஜராக இருந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, 'இது போதாது' என்று சொல்ல அவன் ஒருவன்தான் இருக்கிறான். மானேஜர் போய்விடுவார். முதலாளி விற்றுவிடுவார். அளவுகோல் அவன் வீட்டில்தான் இருக்கிறது.

பதினேழு வருஷங்களுக்குப் பிறகு, 2024-25-ல், ஸௌதாம்ப்டன் என்ற கோஷ்டி இதே பள்ளத்தில் விழுந்தது. இரண்டே ஜயம், 30 தோல்வி. ஏழு ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே கீழே இறங்குவது நிச்சயமாகிவிட்டது. 2025 மே மாதம் மான்செஸ்டர் ஸிட்டியோடு கோலில்லாமல் ஆட்டத்தை முடித்ததும் அதன் கணக்கில் 12 பாயிண்ட் சேர்ந்தது; டார்பியைவிட ஒன்று அதிகம். நம்மைவிட மோசமாக ஆடியவன் ஒருவன் உண்டு என்பதில் கிடைக்கும் ஆறுதல் எவ்வளவு அற்பமானது! ஆனாலும் மனிதன் அதையும் விடுவதில்லை.

டார்பி கீழே போன பிறகும் உடனே விடியவில்லை. அடுத்த லீக் ஜயம் 2008 செப்டம்பர் 13-ல், இரண்டாவது டிவிஷனில், ஷெஃபீல்ட் யுனைட்டெடுக்கு எதிராக வந்தது. நடுவில் ஏறக்குறைய ஒரு முழு வருஷம். 36 லீக் ஆட்டங்கள். 2021-ல் கிளப் கடனில் மூழ்கிற்று. அதற்குத் தண்டனையாகப் பாயிண்டுகளை இழந்து, 2022-ல் மூன்றாவது டிவிஷனுக்கே இறங்கி, 2024-ல் ஒரு படி மேலே வந்தது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு தடவை, கதை மனசில் பாதிகூட உருவாகாத நிலையில், ஒரு பத்திரிகை கேட்டது என்ற சந்தோஷத்தில் தொடர்கதைக்கு ஒப்புக்கொண்டேன். பத்திரிகையின்மேல் தவறில்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆறாவது வாரம் ஒரு நல்ல அத்தியாயம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை டார்பி ரசிகர்கள் அறிவார்கள். அப்போது வந்த கடிதங்களில், 'பரவாயில்லை, நன்றாகவே போகிறது' என்று எழுதியவர்களின் கடிதங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. திட்டி எழுதியவர்களின் கடிதங்களைத் தனிக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் தவறு. கதை மோசம் என்று சொன்னது மட்டும் சரி.