கதைக்கு முன்னே எழுந்த காடு

அரபுப் பலாகத் நூல்களை ஓதியோர் 'பராஅத்துல் இஸ்திஹ்லால்' என்னும் தொடரை அறிவர். ஒரு கவிதையோ உரையோ தான் செல்லவிருக்கும் திசையைத் தன் தொடக்கத்திலேயே, வெளிப்படச் சொல்லாமல், குறிப்பால் உணர்த்திவிடும் திறனுக்கு அது பெயர். பிறந்த குழந்தை எழுப்பும் முதற்குரலும் அரபியில் இஸ்திஹ்லால்தான். அக்குரலில் சொல் இல்லை; பொருள் இல்லை. எனினும் உயிர் இருக்கிறது என்பதை அதைக் கொண்டே அறிகிறோம்.

பாடஞ்சொல்லும்போது இத்தொடருக்குக் கஸீதாக்களின் தொடக்கத்தையும் கிதாபுகளின் முகவுரையையுமே இதுகாறும் சான்று காட்டி வந்தோம். அண்மையில் மாணவர் ஒருவர் ஓர் ஓவிய நூலை நம்மிடம் கொணர்ந்து காட்டிய பின்னர், வேறொரு சான்றும் கிடைத்தது. திரைப்படம் எடுப்போர், கதை முடிவாகுமுன்பே, பாத்திரங்களின் முகம் தீர்மானமாகுமுன்பே, ஓவியர் ஒருவரை அமர்த்தி இடத்தையும் ஒளியையும் காற்றையும் மட்டும் தீட்டித் தருமாறு கேட்பர். கான்செப்ட் பெயின்டிங் என்று அதனை வழங்குகின்றனர். கருத்தோவியம் என்று தமிழாக்குவோரும் உளர். நமக்கு அது ஒப்பவில்லை. கருத்து அங்கே இன்னும் பிறக்கவே இல்லையே! சூழலோவியம் என்றே நாம் எழுதுவோம்.

உருவம் எழுதுவது பற்றிய வாதத்தை ஈண்டு நாம் தொடவில்லை. நாம் பேசவந்தவை பெரும்பாலும் மரமும் பனியுமே.

வியன்னா நகரத்து எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்ட்டன் 1923இல் நூலாக வெளியிட்ட 'பாம்பி', ஒரு மான்குட்டி வளர்ந்து தனித்த கலைமானாக ஆவதைக் கூறும் கதை. குழந்தைகளுக்கான நூல் என்று அதனை இன்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் படத்தால் விளைந்தது. நூலில் காடு அச்சத்தின் இருப்பிடம். பசியும் வேட்டையும் தனிமையும் அதன் பருவங்கள். சால்ட்டன் யூதர். நாஜிகள் 1936இல் அவர் நூலைத் தடைசெய்தனர். அவரும் பின்னர் நாடு நீங்கிச் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்து 1945இல் அங்கேயே மறைந்தார்.

இந்நூலைப் படமாக்க முனைந்தது அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி கூடம். 1937இல் 'ஸ்நோ வைட்' படத்தை முடித்து வெற்றி கண்டிருந்த கூடம் அது. அப்படத்துக் காடு நுணுக்கம் நிறைந்தது. கிளைதோறும் முடிச்சு, வேர்தோறும் முறுக்கு. அதே கையோடு பாம்பியின் காட்டையும் தீட்டப் புகுந்தனர். மெயின் மாநிலத்துக் காடுகளுக்கு ஓவியர் சென்று படமெடுத்து வந்தார். அங்கிருந்து மான்குட்டிகளே வருவிக்கப்பட்டன. விலங்கின் எலும்பும் தசையும் இயங்கும் முறையைக் கற்பிக்க ரீக்கோ லெப்ரன் என்னும் ஓவியர் அமர்த்தப்பெற்றார். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் இலைதோறும் எழுதிய காட்டினுள் மானைக் கொண்டு நிறுத்தியதும், மான் காணாமற் போயிற்று. கண் எதைப் பற்றுவது? ஆயிரம் இலைகளும் சமமாக அழைக்கின்றன. நடுவே நிற்கும் உயிர் ஆயிரத்தோராவது இலை ஆகிவிடுகிறது.

இந்த இக்கட்டை நம் பலாகத் ஆசிரியர்கள் உடனே இனங்கண்டிருப்பர். சொல் அழகாயிருப்பது மட்டும் பலாகத் அன்று. 'முக்தளல் ஹால்', அதாவது அவ்வேளையின் நிலை எதைக் கேட்கிறதோ அதற்கு இசைவது பலாகத். இலைகளைப் பிழையின்றி எழுதினார்கள். நிலை கேட்டதோ இலைகளை அன்று.

அக்கூடத்தில் 1938இல் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தவர் டைரஸ் வாங். இரண்டு முக்கியச் சித்திரங்களுக்கு இடையே வரும் சிற்றசைவுகளை நாள் முழுதும் கோடுகளாக நிரப்புவது அவ்வேலை. கண்ணை வாட்டும் வேலை. மனத்துக்கு அதில் இடமில்லை. அவர் 1910இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். 1920இல் தாயையும் தமக்கையையும் விட்டுத் தந்தையோடு கப்பலேறினார். அவர்களைப் பின்னர் அவர் காணவே இல்லை. சீனர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் அமெரிக்காவில் நிலவிய காலம் அது. வேற்றொருவர் மகன் என்ற பொய்ப்பெயர்ச் சீட்டோடுதான் நுழைய முடிந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் தந்தையை முதலில் விடுவித்த அதிகாரிகள், சிறுவனை மட்டும் வாரக்கணக்கில் அடைத்துவைத்து, ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டனர். பத்து வயதுப் பிள்ளை, மொழி அறியாத தீவில், தனியே.

பின்னர் தந்தை மகனுக்குத் தூரிகையெழுத்துப் பயிற்றினார். மை வாங்க வசதியில்லை. பழைய செய்தித்தாளின்மேல் நீரில் தோய்த்த தூரிகையால் எழுதச் சொன்னார். எழுதியது காய்ந்து மறையும். மீண்டும் எழுத வேண்டும். இதைப் படித்தபோது, மக்தபில் மரப்பலகையில் எழுதிக் கழுவிக் கழுவி நாம் எழுத்துப் பழகிய நாட்கள் நினைவில் எழுந்தன. மறையப்போகும் எழுத்தை எழுதுகிறவன் அடுத்த கோட்டில்தான் கருத்தாயிருப்பான். எழுதியதன்மேல் அவனுக்குப் பற்று வளர்வதில்லை. வாங்கின் தூரிகையில் நாம் காணும் சிக்கனத்துக்கு இது ஒரு காரணமாய் இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸின் ஓடிஸ் கலைக்கழகத்தில் அவர் மேனாட்டு ஓவியமும் முறையாகக் கற்றார் என்பதை மறத்தலாகாது. அவரைச் சீனக் கலையின் தூதர் என்று மட்டும் புகழ்வோர், அவருடைய இரண்டாம் கல்வியை மறைத்துவிடுகின்றனர்.

பாம்பி படம் உருவாகிவருவதைக் கேள்வியுற்ற வாங், நூலை வாங்கிப் படித்தார். வேலை முடிந்து வீட்டுக்குச் சென்று, நீர்வண்ணத்திலும் வண்ணக்கட்டியிலும் சிறுசிறு காட்டுக் காட்சிகளைத் தீட்டினார். ஒருவரும் கேளாமல் தீட்டியவை அவை. கையகலப் படங்களில் என்ன இருந்தது? கீழே இருண்ட ஒரு மரத்தண்டு. மேலே கரைந்துபோகும் கிளை. எங்கிருந்தோ சரியும் ஓர் ஒளிக்கீற்று. அதன் நடுவே, நகத்தளவில், தலை நிமிர்ந்த ஒரு மான். மீதி எல்லாம் பனி. இலை என்று சுட்டத்தக்க ஒன்றும் இல்லை. எனினும் ஈரக்காட்டின் மணம் வருகிறது.

சீனத்துச் சோங் காலத்து ஓவியத்தில் இம்முறைக்கு வேர் உண்டு. அக்காலத்து மா யுவான் என்பார், படத்தின் ஒரு மூலையில் மட்டும் பாறையும் மரமும் எழுதி, எஞ்சியதை வெறுமையாக விட்டதனால் 'ஒருமூலை மா' என்றே பெயர் பெற்றார். அவ்வெறுமை எழுதாமல் விட்ட இடமன்று. காண்போன் தன் நெஞ்சைக் கொண்டு நிரப்ப வேண்டிய இடம். வாங் செய்தது, அவ்வெறுமையின் நடுவே ஒரு குட்டியை நிறுத்தியது. உடனே அவ்வெறுமை காடாயிற்று, குட்டியோ தனிமையாயிற்று. ஏஞ்சல் தீவை அறிந்தோர் அக்குட்டியைக் கண்டு வேறொன்றும் எண்ணக்கூடும். அவர் அதை எண்ணித்தான் எழுதினார் என்று நாம் சொல்லமாட்டோம். அவ்வாறு ஊகிப்பது ஆய்வாகாது.

கலை இயக்குநர் டாம் காட்ரிக் இவற்றைக் கண்டார். வால்ட் டிஸ்னியும் கண்டு விரும்பினார். கடைநிலை ஊழியரின் கையகலப் படங்கள் ஒரு முழுநீளப் படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தன. பின்னணி தீட்டுவோர் அனைவரும் அவரது முறையைப் பயில வேண்டியதாயிற்று. நடுவில் தெளிவு, ஓரங்களில் கரைவு: அதுவே படத்தின் விதியாயிற்று.

இவ்விடத்து நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சூழலோவியம் என்பது பின்னணியின் மாதிரி என்றே பலரும் கருதுகின்றனர். பாம்பியில் நடந்தது அதனினும் பெரிது. காடு பனியில் மூழ்கியபின், பேச்சு அங்கே பொருந்தாமற் போயிற்று. முழுநீளப் படத்திற்கு மிகக் குறைந்த வசனமே மிஞ்சியது. வேட்டைக்காரனை முகத்தோடு காட்டுவதும் அங்கே பொருந்தாது. மனிதன் அப்படத்தில் ஒருமுறைகூடக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஓசையாகவும் விலங்குகளின் திடீர் மௌனமாகவும் மட்டுமே வருகிறான். இம்முடிவுகளை எல்லாம் வாங் எடுத்தார் என்பதன்று நம் வாதம். கதை வகுத்தோர் எடுத்த முடிவுகள் அவை. ஆனால் இலைதோறும் எழுதிய காட்டில் மறைந்திருக்கும் மனிதன், எழுத விட்டுப்போன மனிதனாகவே தோன்றியிருப்பான். பனிக்காட்டில்தான் அவன் மறைவு அச்சமாகிறது.

அரபுக் கஸீதாவில் நஸீப் என்னும் பகுதி இத்தொழிலைச் செய்கிறது. இம்ருவுல் கைஸ் தம் புகழ்பெற்ற கஸீதாவைக் காதலி குடிபெயர்ந்து சென்ற பாழிடத்தில் தொடங்குகிறார். குதிரையும் வேட்டையும் மழையும் பின்னால்தான் வரும். அவை எல்லாவற்றின்மேலும் அம்முதல் மணலின் நிறம் படிந்துகிடக்கும். தமிழ் இலக்கணத்தாரும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்வைத்தது இதனை அறிந்தே எனலாம். மனிதர் வருமுன் மாலை வந்துவிடுகிறது.

ஒரு வேறுபாடு உண்டு. கவியின் நஸீப் கஸீதாவோடு நிலைத்து நிற்கும். வாங்கின் நஸீபோ, படம் எழுந்ததும் கோப்புக்குள் போய்விட்டது. அவர் தீட்டிய தாள்களை யாரும் திரையில் பார்ப்பதில்லை. அவற்றைப் பார்த்துப் பிறர் தீட்டியவற்றையே பார்க்கின்றனர். ஆகவே படம் அத்தாள்களுக்கு எவ்வளவு உண்மையாய் நடந்துகொண்டது என்று கேட்பது திறனாய்வாளன் கடமை.

1942இல் வெளிவந்த படத்தின் தொடக்கம் அதற்கு முழு உண்மையாய் இருக்கிறது. பாத்திரம் எதுவும் இன்றி, விடியுமுன் இருள்நீலக் காட்டினூடே காட்சி நெடுநேரம் மெல்ல நகர்கிறது. கண்ணாடித் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் படம்பிடிக்கும் பொறியினால், அருகிலுள்ள மரம் விரைந்தும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் விலகுகிறது. பராஅத்துல் இஸ்திஹ்லாலுக்குத் திரையில் இதனினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை. இரு கலைமான்கள் பொரும் காட்சியும் அத்தகையதே. காடு அங்கே காடாக இல்லை. இருளும் செம்மஞ்சள் விளிம்பொளியும் மட்டுமே உண்டு. சினத்துக்கு வேறு பின்னணி எதற்கு?

தாய் மடியும் இடத்தில்தான் நமக்கு மனத்தாங்கல். வெண்பனியில் ஓட்டம், ஒரு வெடியோசை, பின்னர் மௌனம். குட்டி திரும்பி வந்து கூப்பிடுகிறது. பெய்யும் பனி திரையை நிறைக்கிறது. அதனூடே பெருங்கலைமான் நிழல்போல் எழுகிறது. வாங் தாளில் வைத்த வெறுமை இங்கே தன் முழுப் பொருளையும் பெறுகிறது. ஆனால் அடுத்து என்ன செய்கின்றனர்? ஒரு மூச்சு விடுமுன், வசந்தகாலப் பறவைகள் கும்மாளப் பாட்டோடு வந்துவிடுகின்றன! குழந்தைகள் நெடுநேரம் அழக்கூடாது என்ற கருணை என்பர் சிலர். நாம் அதனை ஏற்கவில்லை. நாற்பது நொடிப் பனி மேலும் பெய்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் கேடில்லை. துயரத்தோடு சிறிது இருக்கப் பழகியிருக்கும். முக்தளல் ஹாலுக்கு இழைத்த பிழை அது. படத்தில் ஆங்காங்கே மற்றொரு தையலும் தெரிகிறது: பின்னே காடு கரைந்து மிதக்க, முன்னே முயலும் குட்டியும் மனிதப் பிள்ளைகளின் கண்ணும் குறும்புமாய்க் கெட்டிக் கோடுகளால் துள்ளுகின்றன. உறைந்த குளத்தில் வழுக்கும் காட்சி மகிழ்ச்சியூட்டுவதே, மறுக்கவில்லை. ஆயினும் அது வேறொரு படத்திலிருந்து வந்து விருந்துண்டு போகிறது.

இன்று இத்தொழில் பெருகிவிட்டது. படம் மட்டுமன்றிக் கணினி விளையாட்டும் சூழலோவியமின்றித் தொடங்குவதில்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு ரால்ஃப் மக்குவாரி முன்கூட்டித் தீட்டிய படங்கள், பணம் போடுவோரை இணங்கச் செய்வதற்கும் உதவின. அது முதல், வருவோர் பலரும் அந்நோக்கத்தையே பெரிதாகக் கொண்டுவிட்டனரோ என்று ஐயுறுகிறோம். வாங்கின் தாளில் பாதி வெறுமை. இப்போது நாம் காணும் படங்கள் பலவற்றில், விரல் வைக்க இடமில்லாது கோபுரமும் மேகமும் ஒளியும் நெருங்குகின்றன. காண்போனுக்கு அவை ஒன்றும் மீதம் வைப்பதில்லை. கதைக்கும் மீதம் வைப்பதில்லை. இலைதோறும் எழுதிய பழைய பிழை பொன்முலாம் பூசித் திரும்பி வந்திருக்கிறது.

வாங்குக்கு என்ன கிடைத்தது? 1941இல் டிஸ்னி கூடத்து ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் அதில் சேரவில்லை. எனினும் அதன் பின்விளைவில் வேலை இழந்தார். படம் திரைக்கு வந்தபோது அவர் அங்கே இல்லை. பின்னணி தீட்டியோர் பட்டியலில், பலருள் ஒருவராக, அவர் பெயர் ஓடி மறைந்தது. தோற்றத்தை வகுத்தவர் என்ற சொல் அவர் பெயரருகே இல்லை. பின்னர் வார்னர் பிரதர்ஸ் கூடத்தில் 1968 வரை இருந்து, பிறர் படங்களுக்கு முன்னோவியம் தீட்டிக்கொண்டே இருந்தார். அமெரிக்கக் குடியுரிமை 1946இல்தான் கிட்டியது. டிஸ்னி நிறுவனம் 2001இல் அவரைத் தன் பெருமைக்குரியோர் வரிசையில் சேர்த்தது. அப்போது அவருக்கு வயது 90.

ஓய்வுக்குப் பின் அவர் பட்டம் கட்டலானார். மூங்கிலைச் சீவி வளைத்து, தம் கையாலேயே வண்ணமிட்டு, பூரானும் பறவைக் கூட்டமுமாக அமைத்து, சாந்தா மோனிக்கா கடற்கரையில் பறக்கவிடுவார். 2016 திசம்பரில், 106ஆம் வயதில் மறைந்தார். அந்தக் கையகலத் தாள்கள் இன்று அருங்காட்சியகச் சுவரில், கண்ணாடிக்குள், அவர் பெயரோடு தொங்குகின்றன. திரைப்படம் தொடங்குகையில் வரும் பெயர்ப்பட்டியலோ 1942இல் இருந்தபடியே இருக்கிறது.