ஏற்றமும் இறக்கமும்

வென்றோர் உயர்தலும் தோற்றோர் தாழ்தலும் போட்டியின் இயல்பாம். இங்கிலாந்தின் றக்பிக் கழகங்களுக்கெனத் தேசியப் பிரிவுத் தொடர் 1987இல் தோன்றியபோது இந்நியதியே வழக்காயிற்று. 1995இல் ஆட்டத்திற்கு ஊதியம் ஏற்கப்பட்டபின், தாழ்தல் மானக்குறைவு மாத்திரமன்றிப் பொருளிழப்புமாயிற்று.

இந்நியதியின் பயனுக்கு எக்செற்றர்க் கழகமே சான்று. 2010இல் மேற்பிரிவுக்கு உயர்ந்த அக்கழகம் 2017இல் இங்கிலாந்தின் வாகையையும் 2020இல் ஐரோப்பாவின் வாகையையும் சூடிற்று. வாயில் அடைபட்டிருப்பின் இவ்வேற்றம் நிகழ்ந்திராது.

ஆயின், 2023–24ஆம் பருவத்தில் நிகழ்ந்தது யாது? மேற்பிரிவில் நியூகாசில் கழகம் தான் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது. எனினும் தன் இடத்தை இழந்திலது. இரண்டாம் பிரிவில் முதன்மை பெற்ற ஈலிங் கழகமோ குறைந்தபட்சத் தகுதிகள் இலவெனத் தடுக்கப்பட்டது. 2022இலும் முதன்மை பெற்ற அக்கழகம், 10,001 பேரை ஏற்கும் அரங்கு இன்மையால் உயர்வு பெற்றிலது.

தடையை ஆதரிப்போர் கழகங்களின் பொருள் நிலையைச் சுட்டுவர். அக்கவலை பொய்யன்று. 2022இல் வூஸ்ரரும் வொஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் நிதி நெருக்கடியால் வீழ்ந்தன. ஆனால் 2021 முதல் 2023 வரை ஆட்டத் தோல்வியால் எக்கழகமும் தாழ்த்தப்படவில்லை. அடைத்த வாயில் அம்மூன்றையும் காத்ததா? இல்லை. அவற்றை வீழ்த்தியது வரவுக்கு மிஞ்சிய செலவே.

அரங்கு வேண்டாமென்பது நம் கருத்தன்று. வென்ற கழகத்தை முதலில் உயர்த்தி, அரங்கமைக்கக் காலவரையறை விதித்தலே முறை. தோல்விக்கு இழப்பும் வெற்றிக்கு உயர்வும் இல்லாவிடத்து ஆட்டம் வெறுங் காட்சியாய் முடியும்.